மனித ராப்5ஏ மறுசேர்க்கைப் புரதம்: ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராப்5ஏ புரதத்தை முதன்முறையாகக் கையில் எடுக்கும் ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தரப்பட்டுள்ளன. மனித மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் வைத்து உருவாக்கி, அமினோ முனையில் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட, நிக்கலோடு ஒட்டும் ஹிஸ்-டேக் என்னும் சிறு துண்டைச் சேர்த்துத் தூய்மைப்படுத்திய முழுநீளப் புரதத்தை மனதில் கொண்டே விடைகள் எழுதப்பட்டுள்ளன. வேறு முறையில் தயாரான புரதத்துக்கு விடை மாறும் இடங்களில் அது குறிப்பிடப்பட்டுள்ளது.

ராப்5ஏ புரதத்துக்குச் செல்லில் என்ன வேலை?

செல் வெளியிலிருந்து ஒரு பொருளை உள்ளே எடுக்கும்போது, அதன் வெளிச்சவ்வில் ஒரு பகுதி உள்நோக்கிக் குழிந்து, கிள்ளியெடுத்தாற்போல் பிரிந்து நுண்பையாகிறது. இரத்தத்தில் இரும்பைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் இப்படித்தான் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே வந்த நுண்பைகள் ஒன்றோடொன்றும், முன்னிலை எண்டோசோம் எனப்படும் அறையோடும் இணைய வேண்டும். எந்தச் சவ்வு எந்தச் சவ்வோடு இணையலாம் என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களில், இந்த நுழைவாயில் பகுதிக்குப் பொறுப்பானது ராப்5.

அது தானே சவ்வுகளை இணைப்பதில்லை. இணைக்கத் தெரிந்தவர்களை வரவழைக்கிறது. இயங்கும் நிலையில் உள்ள ராப்5, இஇஏ1 என்னும் புரதத்தைச் சவ்வுக்கு அழைக்கிறது. இஇஏ1 சுமார் 200 நானோமீட்டர் நீளமுள்ள இழை. எதிரே வரும் நுண்பையைத் தொலைவிலேயே தூண்டில் போட்டுப் பிடிப்பது அதன் பணி. ராப்5 அழைக்கும் இன்னொரு புரதமான விபிஎஸ்34 சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் பாஸ்பேட் ஏற்றி, அந்த இடத்துக்கு ஒரு முகவரி எழுதுகிறது. எண்டோசோம் முதிரும்போது ராப்5 விலகி, அதன் இடத்தில் ராப்7 வந்து அமர்கிறது. காசநோய்க் கிருமியை விழுங்கிய வெள்ளணுவில் இந்தக் கைமாற்றம் நடப்பதில்லை என்பது 1990களில் தெரியவந்தது: கிருமி இருக்கும் பையில் ராப்5 தங்கிவிடுகிறது, ராப்7 வந்து சேர்வதில்லை. செல்லின் சவ்வுப் போக்குவரத்தை ஆராய்வோர் மட்டுமன்றி நோய்க்கிருமிகளை ஆராய்வோரும் இந்தப் புரதத்தைத் தேடி வருவதற்கு இது ஒரு காரணம்.

‘ராப்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ‘5ஏ’ என்பது என்ன?

புற்றுநோயோடு தொடர்புடைய ராஸ் மரபணுவை ஒத்த மரபணுக்களை எலியின் மூளையில் தேடியபோது 1987இல் கிடைத்த குடும்பம் என்பதால் இந்தப் பெயர். மனிதரில் 60க்கும் மேற்பட்ட ராப் புரதங்கள் உள்ளன. ராப்5இல் ஏ, பி, சி என மூன்று வகைகள் உண்டு. மூன்றும் பெரிதும் ஒத்தவை, மிகுதியாக ஆராயப்பட்டது ஏ வகை. அதன் மரபணு 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

இயங்கும் நிலை, இயங்கா நிலை என்று எதைச் சொல்கிறார்கள்?

ராப்5ஏ ஒரு மூலக்கூறு விசை. குவானோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்போது இயங்கும். அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டை வெட்டிக் குவானோசின் டைபாஸ்பேட்டாக மாற்றியதும் அணைந்துவிடும். ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே ‘ஜிடிபி’ என்றே வரும் என்பதை ஆய்வகக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டும். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் ‘ஜிடிபி ஏற்றியது’ என்று இருந்தால், அது விசை போட்டதா அணைத்ததா என்று மறுநாள் எழுதியவருக்கே தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க இங்கே ட்ரைபாஸ்பேட், டைபாஸ்பேட் என்று முழுவதுமாகவே எழுதப்படுகிறது.

குப்பியில் இருக்கும் புரதமும் செல்லில் இருக்கும் புரதமும் ஒன்றுதானா?

அமினோ அமில வரிசை ஒன்றுதான், புரதம் ஒன்றல்ல. ஆய்வில் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறந்ததால் வருபவை என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, கொழுப்பு வால். மனிதச் செல்லில் ராப்5ஏவின் மறுமுனையில், அதாவது கார்பாக்சில் முனையில், அடுத்தடுத்து அமைந்த இரண்டு சிஸ்டீன்களில் ஜெரானைல்ஜெரானைல் என்னும் நீண்ட கொழுப்புச் சங்கிலிகள் ஏற்றப்படுகின்றன. அந்தச் சங்கிலிகள்தாம் நங்கூரம்போல் சவ்வில் புதைந்து புரதத்தை அங்கே நிறுத்துகின்றன. ஈ. கோலையில் இந்த வேலையைச் செய்யும் நொதி இல்லை. ஆகவே பாக்டீரியாவில் தயாரான ராப்5ஏ எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் நங்கூரம் இல்லாத படகுதான்; லிப்போசோம்களோடு, அதாவது கொழுப்பால் செய்த செயற்கை நுண்பைகளோடு, கலந்து வைத்தால் சவ்வில் தங்காமல் கரைசலிலேயே மிதக்கும்.

இரண்டாவது, அது அணைந்த நிலையில் வந்து சேர்கிறது. பாக்டீரியாவை உடைத்துத் தூய்மைப்படுத்தும் மணிக்கணக்கான வேலையில், பிடித்திருந்த ட்ரைபாஸ்பேட்டைப் புரதமே மெல்ல மெல்ல வெட்டிவிடுகிறது. குப்பியைத் திறக்கும்போது உள்ளே இருப்பது, ஏறத்தாழ முழுவதும், டைபாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் ராப்5ஏ. இதை அப்படியே இஇஏ1உடன் கலந்துவிட்டு ‘பிணைப்பு இல்லை’ என்று முடிவெழுதினால், தவறு புரதத்தினுடையது அன்று.

மூன்றாவது ஹிஸ்-டேக். பெரும்பாலான ஆய்வுகளில் அது இடையூறு செய்வதில்லை. ஆனால் அது எந்த முனையில் இருக்கிறது என்பது ஓரிடத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அது சவ்வு பற்றிய கேள்வியில் வருகிறது.

ட்ரைபாஸ்பேட்டை எப்படி ஏற்றுவது?

குப்பியில் ட்ரைபாஸ்பேட்டைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. டைபாஸ்பேட்டைப் புரதம் தானாக விடுவது மிக மெதுவாகவே நடக்கும், ஏனெனில் ஒரு மக்னீசியம் அயனி அதைப் பூட்டி வைத்திருக்கிறது. உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இடிடிஏ கொண்டு மக்னீசியத்தைப் பிடுங்கினால் பூட்டுத் திறக்கும். அப்போது சூழலில் மிகுதியாக இருப்பது எதுவோ அது உள்ளே போகும். பிறகு மக்னீசியத்தைத் திரும்பக் கொடுத்துப் பூட்டிவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஹிஸ்-டேக்குடன் புரதத்தின் எடை ஏறத்தாழ 26 கிலோடால்டன் என்று கொண்டால், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது சுமார் 40 மைக்ரோமோலார். அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்தால் 4 நானோமோல் புரதம் இருக்கிறது. அதைப்போல் 20 மடங்கு ட்ரைபாஸ்பேட் வேண்டுமென்றால் 80 நானோமோல்; 100 மில்லிமோலார் இருப்புக் கரைசலில் அது 0.8 மைக்ரோலிட்டர். பஃபரில், அதாவது அமிலநிலை மாறாமல் காக்கும் கரைசலில், 2 மில்லிமோலார் மக்னீசியம் இருக்குமானால், 0.5 மோலார் இடிடிஏயில் 2 மைக்ரோலிட்டர் சேர்த்தால் இறுதியில் 10 மில்லிமோலார் ஆகும். மக்னீசியத்தைத் தாண்டி எஞ்சும் அளவு அது. 25 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பனிக்கட்டிக்கு மாற்றி, 1 மோலார் மக்னீசியம் குளோரைடு 2 மைக்ரோலிட்டர் சேர்த்துப் பூட்டவும். விடுபட்ட டைபாஸ்பேட்டும் மிஞ்சிய ட்ரைபாஸ்பேட்டும் சிறிய உப்புநீக்கும் பிரிகைக் குழாய் ஒன்றில் பிரிந்துவிடும்.

மக்னீசியத்தைச் சேர்க்க மறந்துவிட்டு ‘புரதம் திரிந்துவிட்டது’ என்று வருபவர்கள் உண்டு. எதையும் பிடிக்காமல் காலியாக நிற்கும் ராப்5ஏ நிலையற்றது. இடிடிஏயில் இரவு முழுவதும் விட்டால் கரைசல் காலையில் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருக்கும்.

ஏற்றிய ட்ரைபாஸ்பேட்டையும் புரதம் வெட்டிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், நீண்ட நேர ஆய்வுகளுக்கு வெட்ட முடியாத போலி மூலக்கூறுகள் நல்லவை. அவற்றுள் கடைசிப் பாஸ்பேட்டை நைட்ரஜன் வழியாக இணைத்த வகைக்கு ஒரு வசதி உண்டு: மணிகளில் கட்டிய ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியைக் கூடவே சேர்த்தால், அது டைபாஸ்பேட்டைச் சிதைத்துவிட்டுப் போலி மூலக்கூறைத் தொடாமல் விடும், ஏற்றம் ஏறத்தாழ முழுமையடையும். ஆனால் அந்த நொதிக்குத் துத்தநாகம் தேவை என்பதால் அங்கே இடிடிஏ கூடாது. அம்மோனியம் சல்பேட் கரைசலைப் பயன்படுத்துவது வழக்கம். இடிடிஏயை முற்றிலும் தவிர்க்க விரும்புவோர் ராபெக்ஸ்-5 புரதத்தின் வினையூக்கப் பகுதியைச் சேர்க்கலாம். செல்லில் ராப்5இன் விசையைப் போடுவதில் அதற்குப் பங்கு உண்டு.

நிக்கல் மணிகளில் பிடித்திருக்கும்போதே ஏற்றலாமா?

இடிடிஏ கொண்டு செய்வதென்றால் கூடாது. இடிடிஏ மக்னீசியத்தை மட்டும் பார்த்து எடுப்பதில்லை; மணிகளில் உள்ள நிக்கலையும் சேர்த்தே உரித்துவிடும். வெளிர்நீல மணிகள் கண்ணெதிரே வெண்மையாவதைப் பார்க்கலாம். அத்தோடு ஹிஸ்-டேக்குடன் ஒட்டியிருந்த புரதமும் கரைசலுக்குப் போய்விடும். முதலில் கரைசலில் ஏற்றி, உப்புநீக்கி, அதன் பிறகே மணிகளில் பிடிக்க வேண்டும். மணிகள் பழுப்பாகின்றன என்றால் அது வேறு கதை: ஒடுக்கும் பொருளான டைதயோத்ரைட்டாலின் அளவு மிகுந்துவிட்டது.

புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் எந்த இடத்தில் பட்டை வர வேண்டும்?

ராப்5ஏ 215 அமினோ அமிலங்களைக் கொண்டது. அதன் கணக்கிட்ட எடை சுமார் 23.7 கிலோடால்டன். ஹிஸ்-டேக்கும் இணைப்புப் பகுதியும் பொதுவாக 20 சொச்சம் அமினோ அமிலங்களைக் கூட்டுவதால் பட்டை 26ஐ ஒட்டி வரும். ஒடுக்கும் பொருள் இல்லாமல் ஓட்டினால் 50ஐ ஒட்டி இரண்டாவது பட்டை தெரியக்கூடும். கொழுப்பு வால் ஏறாததால் திறந்தே கிடக்கும் கார்பாக்சில் முனைச் சிஸ்டீன்கள் இரண்டு மூலக்கூறுகளைக் கோத்துவிடுவதே அதற்குக் காரணம். புதிதாகக் கரைத்த டைதயோத்ரைட்டாலில் அது மறையும்.

260 நானோமீட்டரில் உறிஞ்சல் அதிகமாக இருக்கிறது. டி.என்.ஏ கலந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. புரதம் பிடித்திருக்கும் டைபாஸ்பேட்டின் குவானின் வளையமே அந்தப் பகுதியில் ஒளியை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நியூக்ளியோடைடை (டைபாஸ்பேட் அல்லது ட்ரைபாஸ்பேட்) சுமந்து நிற்கும்போது இது எதிர்பார்க்க வேண்டியதே. சொல்லப்போனால், புரதம் ஒழுங்காக மடிந்திருக்கிறது என்பதற்கான நல்ல அறிகுறி. 260இல் உறிஞ்சலே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் அதே குவானின் 280 நானோமீட்டரிலும் கொஞ்சம் உறிஞ்சுவதால், அந்த அலைநீளத்தை மட்டும் நம்பிக் கணக்கிட்ட செறிவு உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். சாயம் சேர்த்து அளக்கும் பிராட்ஃபோர்டு முறை மேல். மாணவர்கள் 20 மடங்கு என்று கணக்கிட்டுச் சேர்க்கும் ட்ரைபாஸ்பேட் உண்மையில் அதைவிடக் கூடிப்போவதற்கு இந்தச் செறிவுப் பிழையும் ஒரு காரணம்.

தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்று சான்றிதழ் சொல்கிறது. அப்படியானால் 90 சதவீதம் வேலை செய்யுமா?

அது ஜெல்லில் தெரிந்த தூய்மை. திரிந்த புரதமும் மடிந்த புரதமும் ஜெல்லில் ஒரே பட்டைதான். வேலை செய்யும் பங்கை அறிய விரும்பினால், புரதத்தைச் சூடாக்கித் திரியவைத்து, வெளிவரும் நியூக்ளியோடைடைத் திரவ நிறச்சாரல் பிரிகையில் அளந்து, புரதத்தின் மோல் அளவோடு ஒப்பிடவும். ஒன்றுக்கு ஒன்று என்பதை நெருங்கினால் நிம்மதி. ட்ரைபாஸ்பேட் ஏற்றம் எத்தனை சதவீதம் வெற்றி என்பதும் இதே அளவீட்டில் தெரிந்துவிடும். அரை நாள் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள் பிறகு அரை மாதம் இழக்கிறார்கள்.

எப்படிச் சேமிப்பது? குளிர் குறைந்து வந்து சேர்ந்தால் வீணா?

மைனஸ் 80 டிகிரியில், ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, 10 முதல் 20 சதவீதம் கிளிசரால், 1 மில்லிமோலார் டைதயோத்ரைட்டால், சில மில்லிமோலார் மக்னீசியம், சிறிதளவு டைபாஸ்பேட் ஆகியவற்றுடன் வைக்கவும். உறையவைத்து உருக்கி மீண்டும் உறையவைப்பதுதான் புரதத்தை அதிகம் கெடுக்கிறது. உருக்கியதும் குப்பியைச் சில நொடிகள் மையவிலக்கியில் சுற்றிவிட்டுத் திறக்கவும். மூடியில் ஒட்டிய 5 மைக்ரோலிட்டரும் காசுதான். குலுக்கி நுரை எழுப்ப வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்த பெட்டி, யாரும் எடுக்காமல், திங்கள் காலை வரை காவலாளியின் மேசைக்கடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உலர் பனிக்கட்டி முழுவதும் ஆவியாகிப் போய், பெட்டி இலேசாகியிருந்தது. எறிந்துவிடாமல் சோதித்துப் பார்த்தோம்: வேகமாகச் சுழற்றியபோது அடியில் வெண்படிவு ஏதுமில்லை, ஜெல்லில் உடைந்த துண்டுகள் இல்லை, நியூக்ளியோடைடு அளவும் சரியாகவே இருந்தது. டைபாஸ்பேட்டும் மக்னீசியமும் உடனிருந்தால் ராப்5ஏ நாம் நினைப்பதைவிட உறுதியானது. அவை இல்லாத பஃபராக இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

லிப்போசோம் சவ்வில் இதை எப்படி நிறுத்துவது?

இரண்டு வழிகள் உண்டு. எளியது, நிக்கலைப் பிடித்திருக்கும் தலையுள்ள லிப்பிடை லிப்போசோமில் சில சதவீதம் சேர்த்து, ஹிஸ்-டேக் வழியாகப் புரதத்தைக் கட்டுவது. ஆனால் செல்லில் ராப்5ஏ சவ்வோடு இணைவது கார்பாக்சில் முனையால். ஹிஸ்-டேக் அமினோ முனையில் இருந்தால் புரதம் தலைகீழாகத் தொங்கும். ஆகவே இந்த வேலைக்குக் கார்பாக்சில் முனையில் ஹிஸ்-டேக் உள்ள வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். நிக்கல் மணிகளுக்குச் சொன்ன இடிடிஏ எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

உண்மையான கொழுப்பு வாலே வேண்டுமென்றால், அதை ஏற்றும் நொதியையும் அதற்குத் துணைநிற்கும் புரதத்தையும் கொண்டு குழாயிலேயே ஏற்றலாம். அல்லது பூச்சிச் செல்களில் தயாரித்த புரதத்தை வாங்கலாம். கொழுப்பு வால் ஏறிய ராப்5 நீரில் தனியாக நிற்காது. ஜிடிஐ என்னும் துணைப்புரதம் அந்த வாலைத் தன் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும் கூட்டாகவே அது கிடைக்கும். இத்தனை சிரமமும் வீண் அல்ல: டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், ராப்5உம் அதன் கூட்டாளிகளுமாக 17 மறுசேர்க்கை மனிதப் புரதங்களைக் கொண்டு, செயற்கை எண்டோசோம்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டியதை 2009இல் வெளியிட்டார்கள்.

வளர்ப்புச் செல்களின் ஊடகத்தில் சேர்த்தால் உள்ளே போய் வேலை செய்யுமா?

செய்யாது. புரதம் தானாகச் செல்சவ்வைக் கடப்பதில்லை. செல் அதை விழுங்கினாலும் அது பைக்குள் சிக்கி நிற்கும், ராப்5 இருக்க வேண்டிய இடமோ பைக்கு வெளியே. செல்லுக்குள் விளைவைப் பார்க்க விரும்பினால் மரபணுவை ஏந்திய பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ வளையமே சரியான வழி.

எந்தத் திரிபு வடிவங்களைக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம்?

79ஆம் இடத்துக் குளூட்டமினை லியூசினாக மாற்றிய வடிவம் ட்ரைபாஸ்பேட்டை வெட்டத் தடுமாறுவதால் இயங்கும் நிலையிலேயே நிற்கும். அதை மிகுதியாகக் கொண்ட செல்களில் எண்டோசோம்கள் பெருத்துவிடுகின்றன. 34ஆம் இடத்துச் செரீனை அஸ்பராஜினாக மாற்றினால் அணைந்த நிலை. இரண்டாவது வடிவம் நியூக்ளியோடைடைத் தளர்வாகவே பிடிப்பதால் குழாயில் கலங்கிவிடும் இயல்புடையது. பிணைப்பு ஆய்வுகளுக்கு இயல்பு வடிவத்தையே டைபாஸ்பேட் ஏற்றியும் ட்ரைபாஸ்பேட் ஏற்றியும் இணையாக வைப்பது நேர்மையான ஒப்பீடு என்பது என் கருத்து: வரிசையும் தூய்மையும் ஒன்று, விசை மட்டுமே வேறு. பிடிக்கும் புரதமாக, ராப்5இன் இன்னொரு கூட்டாளியான ராபாப்டின்-5இன் ராப்5 பிணைப்புப் பகுதி நன்றாக உதவுகிறது; அது இயங்கும் நிலையையே தேடிப் பிடிக்கும்.

பாஸ்பேட் இருந்தால் பச்சை நிறம் காட்டும் மாலகைட் பச்சை முறையில் அளவிடும்போது வெற்றுக் குழாயே அடர்பச்சையாகிறது. ஏன்?

பஃபரைப் பாருங்கள். பாஸ்பேட் பஃபரில் கரைத்த புரதத்தோடு, விடுபடும் பாஸ்பேட்டை அளக்க முயல்வது கடல்நீரில் உப்பு சிந்தியதா என்று தேடுவதுபோல. டிரிஸ் அல்லது ஹெப்பிஸ் பஃபருக்கு மாற்றவும். பழைய ட்ரைபாஸ்பேட் இருப்பும் தானாகச் சிதைந்து பாஸ்பேட்டைக் கலந்திருக்கும். புதிதாகச் சிறு குப்பிகளில் பிரித்து உறையவைத்ததையே எடுக்கவும். இவற்றைச் சரிசெய்த பிறகும் அளவீட்டில் தெரியும் பாஸ்பேட் மிகச் சிறியதாக இருந்தால் வியக்க வேண்டாம்: உதவிப் புரதம் இல்லாமல் ராப்5ஏ வெட்டும் வேகம் குறைவுதான். புரதத்தின் அளவைக் கூட்டி, 30 அல்லது 60 நிமிடங்கள் வரை பல நேரப்புள்ளிகளில் அளக்கவும்.

எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தைக் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் நேர்க்கட்டுப்பாடாக ஓட்டினால் செல்சாற்றுப் பட்டையோடு ஒரே இடத்தில் வரவில்லையே?

வராது. மறுசேர்க்கைப் புரதம் ஹிஸ்-டேக்கால் சற்று மேலே நிற்கும். ஒரு குழிக்கு 5 முதல் 10 நானோகிராம் போதும். மைக்ரோகிராம் கணக்கில் ஏற்றினால் பக்கத்துக் குழிகளிலும் கசிந்து, இல்லாத இடத்தில் ராப்5 இருப்பதாகக் காட்டும். எதிர்ப்பொருள் ஏ வகையை மட்டும் காண்கிறதா, பி, சி வகைகளையும் சேர்த்துக் காண்கிறதா என்பதை மூன்று மறுசேர்க்கைப் புரதங்களையும் ஒரே ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

நோயறிதலுக்கோ உயிருள்ள விலங்குக்கோ பயன்படுத்தலாமா?

ஆய்வகப் பயன்பாட்டுக்கு என்று விற்கப்படும் புரதம் மனிதருக்கோ நோயறிதலுக்கோ உரியதன்று. பாக்டீரியாவில் தயாரானதால் அதில் எண்டோடாக்சின் என்னும் பாக்டீரிய நச்சு எஞ்சியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். விலங்குக்குள் செலுத்துவது இருக்கட்டும், வெள்ளணுக்களோடு குழாயில் கலப்பதாக இருந்தாலும், எண்டோடாக்சின் நீக்கி அளந்து சான்றளித்த தொகுதியைக் கேட்டு வாங்கவும். இல்லையென்றால் வெள்ளணு எழுப்பும் கூச்சல் ராப்5ஏவுக்கானதா ஈ. கோலைக்கானதா என்று பிரித்தறிய முடியாது.